பாதி பாரம், இரட்டைத் தூரம்

பாண்டீஸ்வரியின் கணக்குப்படி நூறு கிலோ மோட்டாரைத் தூக்க ஐம்பது கிலோ பலம் போதும். கிணற்றடி மண்ணில் குச்சியால் வரைந்தே காட்டினாள். மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு கப்பி, மோட்டாரின் தலையில் ஒரு கப்பி, கயிற்றைத் தரையோடு திருப்பிவிட இன்னொன்று. பதினொரு வருசமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். கரும்பலகையில் எத்தனை ஆயிரம் கட்டைகளைக் கப்பியில் தொங்கவிட்டிருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

சுரேஷ்கண்ணன் படத்தைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "எப்பவும் அஞ்சு பேரு சேந்து இழுப்போம். ரெண்டு பேருக்கு வருமா?"

"நீங்க இழுத்தது ஒத்தக் கப்பியில. இது வேற. பேசாம வந்து கயித்தப் பிடிங்க."

வேறு வழியும் இல்லை. ஜெயமங்கலத்தில் கூப்பிட்டால் வருகிற ஆள் அத்தனை பேரும் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். கிணற்றுக்குள் மோட்டார் பழுதாகிக் கிடக்க, குலை தள்ளுகிற நேரத்தில் வாழை நாலு நாளாகத் தண்ணீர் காணாமல் நின்றது. பெரியகுளத்து மெக்கானிக்கோ, இன்று சாயங்காலத்துக்குள் மோட்டார் வந்தால் பார்ப்பேன், இல்லையென்றால் திருவிழா முடிந்துதான் என்று சொல்லிவிட்டார். அதுவரை போனால் காயெல்லாம் சூம்பிவிடும், ஒரு வருசப் பாடு மண்ணாய்ப் போகும். சுரேஷ்கண்ணன் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரில் கப்பியை மாட்டிவிட்டு வந்தான்.

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைப் பார்த்து நேரே நடப்பதுதான் அங்கே வழக்கம். நடந்தார்கள். அட, மோட்டார் அசைந்தது! சும்மா இல்லை, பூப்போல ஏறியது. "பாத்தீகளா?" என்றாள் பாண்டீஸ்வரி. அவன், "வாத்தியாரம்மான்னா சும்மாவா?" என்றான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசத்தில் அவன் அவளை வாய்விட்டுப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்தக் குளிர்ச்சி அறுபதடி தூரம் இருந்தது. அறுபதாவது அடியில் வரப்பு வந்தது. கிணறு ஐம்பதடி, மோட்டார் முப்பதடிதான் ஏறியிருந்தது. அப்போதுதான் அவள் தலைக்குள் விளக்கெரிந்தது. பாரம் பாதியானால் தூரம் இரட்டிக்கும். கட்டை ஓரடி ஏற, கயிற்றின் முனை இரண்டடி போக வேண்டும். போன பரீட்சையில் இதை எழுத மறந்த தேவயானிக்கு மூன்று மார்க்கைக் குறைத்து, சிவப்பு மையில் 'கவனம்' என்றும் எழுதியிருந்தாள்!

இன்னும் நாற்பதடி நடக்க வேண்டும். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் கர்ணனின் காடு, அறுத்து முடிந்த வெறும் நிலம். கர்ணன் சுரேஷ்கண்ணனின் கூடப்பிறந்த அண்ணன். ஏழு வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வரப்பில் நின்ற ஒரு தென்னை யாருக்கு என்பதில் வந்த சண்டை. தென்னை போன வருசக் காற்றில் சாய்ந்துவிட்டது, சண்டை மட்டும் திடமாக நின்றது. தென்னையாவது இருந்திருந்தால் கயிற்றை அதில் சுற்றிக் கட்டியிருக்கலாம்.

"இதுக்கு மேல என்ன செய்ய?" என்றான் சுரேஷ்கண்ணன், பல்லைக் கடித்தபடி.

"வரப்பத் தாண்டணும்."

"செத்தாலும் மாட்டேன்."

விட்டால் மோட்டார் விழுந்து நொறுங்கும். பிடித்தால் கை அறுகிறது. ஈரக் கயிறு இழுத்த இழுப்பில் இருவரும் ஒரு சாண் பின்னால் போனார்கள். பாண்டீஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் காட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கர்ணன் இதையெல்லாம் பார்த்தபடிதான் நின்றார். பேச்சில்லாத வீட்டுக்காரர்கள் மாட்டிடம்தான் பேச வேண்டும். பேசினார். "ஏலே செவலை, வெறுங்காடுதான கெடக்கு. நாலு எட்டு மிதிச்சா மண்ணு தேஞ்சா போகும்?"

சுரேஷ்கண்ணனும் மாட்டைப் பார்த்தே சொன்னான். "ஏ மாடே, அங்கன கால வச்சா வெட்டுவேன்னு சொன்னது யாருன்னு கேளு."

செவலை அசைபோட்டது.

"கை அந்துபோச்சு!" என்று கத்தினாள் பாண்டீஸ்வரி. "பெரிய மாமா, மாட்ட விட்டுட்டு வந்து கயித்தப் பிடிங்க! என்னங்க, நீங்க வரப்பத் தாண்டுங்க! ரெண்டு பேருக்கும் வெக்கமே கெடையாதா?"

கர்ணன் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு வரப்பைத் தாண்டினான். மூவரும் இழுத்து நடந்தார்கள். ஒருவழியாக மோட்டாரின் தலை கிணற்று வாயில் தெரிந்தது. ஆனால் அதைச் சுவர்ப் பக்கம் இழுத்துவைக்க அங்கே யாரும் இல்லை. எல்லோரும் நூறடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

"ரெண்டு பேரும் பிடிச்சுக்கங்க. ஒருத்தர் விட்டாலும் போச்சு," என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

மோட்டார் தண்ணீர் சொட்ட மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கையை நீட்டி இழுத்து, கயிற்றைத் தளர்த்தச் சொன்னால் ஒரு நிமிச வேலை. கை நீட்டியவள் திரும்பிப் பார்த்தாள். வெறுங்காட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கயிற்றைப் பிடித்தபடி, விடவும் முடியாமல் விலகவும் முடியாமல், தோளோடு தோள் உரச நின்றார்கள். கர்ணனின் வாய் அசைந்தது. கொஞ்சம் பொறுத்துத் தம்பியுடையதும் அசைந்தது. திட்டிக்கொள்கிறார்களா என்னவென்று இங்கே கேட்கவில்லை. மாடு எங்கோ தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது.

"ஆச்சா?" என்று கத்தினான் சுரேஷ்கண்ணன்.

"இன்னும் இல்ல! விட்றாதீக!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, பாண்டீஸ்வரி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.