செவிலிகளை அகற்றிய வீடு

இதனால் உலகத்தோர் அனைவருக்கும், குறிப்பாக மூளை உள்ளோருக்கு, அறிவிக்கப்படுவது யாதெனில்: பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் குடியிருக்கும் சுகுமாறன், வயது நாற்பத்தெட்டு, தேனீயின் மூளையைத் துணைக்கொண்டு தம் மனைவியைப் பெர்த்திலிருந்து வரவழைப்பது எனத் தீர்மானித்துவிட்டார்.

மனைவி உஷாராணி ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு லோரி கம்பெனியின் ஆபீஸ் வேலைக்குப் போனவள். அந்த ஆறு மாதம் இப்போது பத்தொன்பதாவது மாதத்தில் நடந்துகொண்டிருந்தது. சண்டை எதுவும் இல்லை. இருந்தால் சமாதானமாவது பேசலாம். கேட்கும்போதெல்லாம், "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்பாள். சுகுமாறன் கட்டிலின் இடப்பக்கம் மட்டுமே படுத்தார். வலப்பக்கத் தலையணைக்கு உறை மாற்ற மகள் விஷ்ணுப்ரியாவைக்கூட விடவில்லை. மனைவியின் வாசனை எப்போதோ போய்விட்டது. கொள்கை மட்டும் மிச்சம்.

உறவினர்களிடம் அவர் தம் தொழிலை 'நரம்பியல் ஆராய்ச்சி' என்பார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். பந்திங் பண்ணையிலிருந்து வரும் தேனீக்களைப் பனிக்கட்டியில் மயக்கி, எள்ளளவு மூளையை இடுக்கியால் எடுத்துக் குழாயில் போட்டு மூடுவதே அந்த ஆராய்ச்சியில் அவருடைய பங்கு.

ஒருநாள் அந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் மாதவி கணினித் திரையைக் காட்டினார். ஆயிரக்கணக்கான வண்ணப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு நரம்பணு.

"பாருங்க அங்கிள். இது கூட்டுக்குள்ள இருந்து குஞ்சுங்களுக்கு ஊட்டுற செவிலித் தேனீ. அது வெளிய பறந்து தேன் தேடுறது. ரெண்டுக்கும் செல் வகை ஒண்ணுதான். எந்த ஜீன் வேலை செய்யுது, எது சும்மா கெடக்குதுன்றதுதான் வித்தியாசம்."

"வெளிய போனது திரும்பி வராதா டாக்டர்?"

"வரும். செவிலிங்க எல்லாத்தையும் எடுத்துட்டா, குஞ்சுங்க பட்டினி கெடக்கும்ல? வெளிய போனதுல பாதி திரும்ப ஊட்ட ஆரம்பிச்சிடும். ஜீனும் பழையபடி மாறிடும்."

"மீதிப் பாதி?"

"அதுங்க பாட்டுக்கு வெளியவே பறக்கும் லா."

தேவையான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு சுகுமாறன் வீடு திரும்பினார். பேரறிஞர்களின் வழி அது.

அவர் வீட்டுச் செவிலி, கீழ்மாடியில் இருக்கும் அக்கா குமுதா. தினமும் சாயங்காலம் சோறு கறியோடு வருபவள்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு நீ வராத."

"ஏன்டா, எங் கறி கசக்குதா?"

"ஒரு ஆராய்ச்சி."

"ஒம் மண்டையிலயா? சின்ன ஜாமான்தானே, சீக்கிரம் முடிஞ்சிடும்."

ஒன்பது நாள் மெகி நூடுல்ஸ். பத்தாம் நாள் வீடியோ அழைப்பில், கழுவாத தட்டுகள் தெளிவாகத் தெரியும்படி சுகுமாறன் போனைச் சாய்த்து வைத்தார். உஷாராணி முடியைக் காதோரம் ஒதுக்கினாள். அந்த ஒரு அசைவில் அவர் சொல்ல வந்ததை மறந்துபோனார்.

"என்னங்க இது கோலம்? அக்கா எங்க?"

"கிளாங்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டா. யாரும் இல்ல உஷா. பிள்ள மெலிஞ்சி போச்சி."

மகள் பிரியா வாயில் மெகியோடு முறைத்தாள்.

உஷாராணி திரைக்கு நெருங்கி வந்து மகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு மாசம் பொறுங்க. நான் வரேன்."

அக்கா மீதான தடை ஒரு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது. சுகுமாறன் மீசைக்கு மை பூசினார். தலையணையை வெயிலில் போட்டு, பத்தொன்பது மாதக் கொள்கையைத் தளர்த்தி, புது உறை போட்டார். ஆய்வகத்தில் மூளை எடுக்கும்போது பாட்டு முணுமுணுத்தார். மாதவி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

உஷாராணி வந்தாள். செருப்பைக் கழற்றியவள் நேரே சமையலறைக்குப் போய்த் தட்டுகளைக் கழுவினாள், ரசம் வைத்தாள், மகளுக்குப் பிசைந்து ஊட்டினாள். பதினாறு வயது மகளும் வாயைத் திறந்தாள். சுகுமாறன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாளித்த வாசனையில் அவருக்குக் கண் கலங்கியது. ஒரு மூளைக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைத் தாம் நேரில் பார்ப்பதாகவே நம்பினார்.

"இனிமே போக மாட்டல்ல?"

உஷாராணி கையைத் துடைத்துக்கொண்டாள். "பிரியாவுக்கு விசா கெடச்சிடுச்சிங்க. அங்கயே ஸ்கூலும் பாத்துட்டேன். யாருமில்லாத வீட்டுல பிள்ளைய எப்படி விடுறது?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள்.

"அம்மா பாஸ்போர்ட் கேட்டாங்கப்பா, அனுப்பினேன். நீங்க பாட்டெல்லாம் பாடிக்கிட்டு இருந்தீங்க. சொல்ல மனசு வரல."

"அப்ப நான்?" என்றார் சுகுமாறன்.

"நீங்க வேலைய விட முடியாதே" என்றாள் உஷாராணி, மிக அன்பாக. "அடுத்த வருஷம் பாக்கலாங்க."

திங்கட்கிழமை காலை விமானத்தில் இருவரும் போனார்கள்.