பின்னிருக்கைப் பிரசாரம்

சிவப்பு விளக்கு தொலைவில் ஒரு பொட்டாகத் தெரிந்தாலே போதும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார் சங்கச் செயலாளர். எஞ்சின் தானாக அடங்கும். பேட்டரியின் தயவில் வண்டி ஓசையின்றி உருளும். உடனே அவர் முகத்தில் ஒரு வெற்றிக் களை படரும். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனைப் பிடித்த பிடி விடமாட்டான். ஸ்கூட்டரில் முந்திப் போகிறவர் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போவார். அந்த ஏதோ என்னவென்று செயலாளருக்குத் தெரியும். உலகைத் திருத்தப் புறப்பட்டவன் நாலு வசைச்சொல்லுக்கு அஞ்சலாமா என்று தம்மையே கேட்டுக்கொள்வார். கேட்ட கையோடு, 'ஊர்வலத் தேர் மாதிரி வண்டி ஓட்டுகிறவனுக்கு ஊரார் மாலையா போடுவார்கள்?' என்று தம்மையே கேலியும் செய்துகொள்வார். தம்மைக் கேலி செய்துகொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. கேலி செய்தாகிவிட்டது, ஆகவே கணக்குத் தீர்ந்தது என்று எண்ணும் குறையும் இருந்தது.

குடிநீர் வாரிய ஊழியர் சங்கத்துக்கு அவர் செயலாளர். மேடை ஏறினால் ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். பேசும் பொருள் இரண்டே: எரிபொருள் சிக்கனம், ஆண் பெண் சமத்துவம். முதல் பொருளுக்குச் சான்றாகத்தான் இந்த ஹைபிரிட் காரை வாங்கினார். பெட்ரோல் பாதி, மின்சாரம் பாதி. இரண்டாம் பொருளுக்குச் சான்றாக, விலையில் பாதியை மனைவி போட்டாள். பாதிக்குப் பாதி என்பதே எங்கள் இல்லறத்தின் கொள்கை என்று அவர் மூன்று கூட்டங்களில் முழங்கி, மூன்றிலும் கைதட்டல் வாங்கியிருந்தார்.

மனைவி இயன்முறை சிகிச்சையாளர். வாதத்தில் விழுந்தவர்களையும் எலும்பு முறிந்து படுத்தவர்களையும் நடக்கவைப்பது அவள் தொழில். பல ஆண்டுகள் ஒரு சிகிச்சை மையத்தில் வேலை பார்த்தாள். அதன் முதலாளியம்மாள், நோயாளியின் கால் அசைகிறதா என்று பார்ப்பதைவிட அடுத்த நோயாளி வந்தாயிற்றா என்று பார்ப்பதில் கெட்டிக்காரி. அந்த அவசரம் தாங்காமல் மனைவி சென்ற மாதம் வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினாள். மடக்குக் கட்டில், மின்தூண்டல் கருவி, மணல் மூட்டைகள், எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். கார் இல்லையென்றால் அந்தத் தொழில் இல்லை.

அந்த மாதம்தான் மைலேஜ் சரியத் தொடங்கியது. லிட்டருக்கு இருபத்தைந்து கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, இருபத்திரண்டு என்றது, இருபது என்றது, கடைசியில் வெட்கமில்லாமல் பதினெட்டு என்றது. செயலாளருக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு மேசையே விசாரணைக் கூடமாயிற்று.

"இந்த மாசம் வண்டி ஏன் இப்படிக் குடிக்குது?"

"என்னைக் கேட்டா? ஏதாவது கெட்ட சகவாசமா இருக்கும்," என்றாள் மனைவி.

"அப்பாகூடத்தானே அதிகமா சுத்துது," என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"சிரிப்பு கிடக்கட்டும். நீ வண்டியில ஏறினதுமே ஏசியைப் போடுற. சிக்னல் விழுந்தா விருட்டுனு கிளப்புற. என் கையில இருந்தப்ப இருபத்தஞ்சு கொடுத்த வண்டி இது."

"வேர்த்து ஒழுகி நான் போய் நின்னா, நோயாளியை எழுப்பி உட்கார வெச்சிட்டு என்னைத்தான் படுக்க வைப்பாங்க."

"நான் போடறேனா? கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, ஏசி இல்லாம, ஊர் முழுக்கப் போய் வரலையா?"

"அதான் உங்க பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்கறாங்க."

கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும், ஏசியைப் போட்டால் பெட்ரோல் போகும். ஆகவே இரண்டும் வேண்டாம் என்பது செயலாளரின் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தில் அவரே அவிந்துகொண்டிருந்தார். 'தியாகத்தை இட்லித் தட்டில் வைத்து வேகவைக்கிறேன்' என்று ஒருமுறை நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் சிரித்தார். ஆனால் ஏசியைப் போடவில்லை.

விசாரணையின் தீர்ப்பு விசாரணைக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. "கொஞ்ச நாளைக்கு நீ பஸ்ஸில போயேன்," என்றார்.

"மடக்குக் கட்டிலையுமா? அதுக்கு யார் சீட் பிடிச்சுத் தருவா, உங்க சங்கமா?"

அவர் கொக்கியில் தொங்கிய இரண்டு சாவிகளையும் எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சமத்துவத்துக்காக மேசையைக் குத்திக் குத்திப் பழகிய அதே கை.

இதோடு நின்றிருந்தாலும் போகட்டும் என்று விடலாம். வெள்ளிக்கிழமை மாலை அவள் குளிக்கப் போயிருந்தபோது மையத்து முதலாளியம்மாள் தொலைபேசியில் அழைத்தார். மையத்தில் ஆள் குறைவாக இருக்கிறதாம், வருவாளா என்று கேட்டார். செயலாளர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "திங்கட்கிழமை அனுப்பிவைக்கிறேன் மேடம்," என்றார். வீட்டுச் சிக்கலைத் தாமே முன்னின்று தீர்த்துவிட்ட நிறைவோடு, அதை மனைவியிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தார்.

நல்ல நேரம் வருமுன்னே மனைவி வந்தாள். சனிக்கிழமை காலை, அவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றாள்.

"தோழரே," என்றாள். கோபம் வந்தால் மட்டும் அவள் பயன்படுத்தும் மரியாதை அது. "ஆதாரம் இல்லாம மேடையில ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சொல்வீங்களே. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒரே ரோடு. நீங்க ஒரு சுத்து ஓட்டுங்க, நான் ஒரு சுத்து ஓட்டறேன். நான் தோத்தா சாவியைப் பத்தி வாயே திறக்கமாட்டேன். அந்த அம்மா கால்ல விழுந்து மையத்துக்கே திரும்பிப் போயிடறேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாறாக, தோற்கப் போகிறவளிடம் காட்டவேண்டிய பெருந்தன்மையோடு தலையசைத்தார். தாம் எப்படியும் வெல்லப் போவதால், தாம் முன்கூட்டியே கொடுத்த வாக்கும் முறையானதாகிவிடும் என்று அவருடைய உள்மனம் ஒரு சட்டநுணுக்கத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தது.

மறுநாள் மகள் நடுவரானாள். முதலில் செயலாளர் ஓட்டினார். பின்னிருக்கையில் மகள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஏனென்றால் அங்கே ஏற்கெனவே கட்டுக் கட்டாகத் துண்டறிக்கைகள் குடியிருந்தன. 'துளி எரிபொருளும் தலைமுறையின் உரிமை' என்ற தலைப்பு, அதன்கீழே விரலை உயர்த்தி நிற்கும் செயலாளரின் படம். எந்தத் தெருமுனையில் எந்த நேரம் கூட்டம் கூடுமோ என்று, அச்சகத்திலிருந்து வந்த கட்டுகளை அவர் வண்டியிலேயே வைத்திருந்தார். இருக்கையின் ஓரம் வரை அடுக்கி, மிச்சத்தைக் கால் வைக்கும் இடத்திலும் திணித்திருந்தார்.

புறவழிச்சாலையில் அவர் ஓட்டிய ஓட்டம், குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது போல இருந்தது. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. ஏசி அணைந்திருந்தது.

"பின்னாடி என்னமோ உறுமுதுப்பா."

"அது வண்டியோட உழைப்பும்மா."

"எனக்கு மூச்சு முட்டுது. அதுவும் உழைப்பா?"

திரும்பி வந்து நிறுத்தியபோது திரையில் பத்தொன்பது என்று இருந்தது. ஒன்று கூடியிருந்தது. செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, தேர்தலில் முன்னணி நிலவரம் வந்த வேட்பாளரைப் போல இறங்கினார்.

அடுத்து மனைவி. "அம்மா, இதோட சேர்ந்து என்னால இன்னொரு சுத்து வரமுடியாது. என் முட்டியைக் கழட்டித்தான் வைக்கணும்," என்று மகள் முறையிட, இருவருமாகக் கட்டுகளை இறக்கி வாசல்படியில் வைத்தார்கள். எடை குறைகிறதே என்று செயலாளர் ஆட்சேபித்தார். "அப்ப நீங்க ஏறிக்குங்க, சரியாப் போயிடும்," என்றாள் மனைவி. ஏறினார். அவள் ஏசியைப் போட்டாள். பச்சை விழுந்ததும் கிளம்பினாள், லாரியை முந்தினாள், பாலத்தில் பாட்டு முணுமுணுத்தாள். அடிக்கொருதரம் எஞ்சினை அடக்கிக்கொண்டு பேட்டரியில் ஓடியது கார். அவருக்குக் காட்டாத குழைவு அது. போதாக்குறைக்குப் பின்னால் உறுமலும் இல்லை.

இறங்கும்போது திரை இருபத்து நான்கு என்றது.

"நடுவர் தீர்ப்பு வேணுமா, இல்ல அப்பாவே ராஜினாமா பண்றாரா?" என்றாள் மகள்.

"காத்து அவ பக்கம் அடிச்சிருக்கு," என்றார் செயலாளர்.

"போகும்போதும் வரும்போதுமா?"

மனைவி கையை மட்டும் நீட்டினாள். பையில் இருந்தாலே வண்டியைக் கிளப்பும் இரண்டு சாவிகளில் ஒன்றை அவர் கொடுத்தார். பிற்பகல் ஒரு வீட்டில் நோயாளி காத்திருப்பதால், கட்டிலையும் கருவியையும் எடுத்துவர மகளோடு மாடிக்குப் போனாள்.

தனியே நின்றவருக்கு ஆற்றாமை பொங்கியது. இதில் ஏதோ சூழ்ச்சி உண்டு. இல்லாவிட்டால் சிக்கனத்துக்குச் சிலை வைக்கத்தக்க தம் கால், ஒரு பாட்டு முணுமுணுக்கும் காலிடம் தோற்குமா? சிந்தித்தபடியே துண்டறிக்கைக் கட்டுகளைத் தூக்கிப் பின்னிருக்கையில் பழைய இடத்தில் வைக்கப் போனார். கட்டு ஒன்று அவிழ்ந்தது. ஒரு தாள் நழுவியது. நழுவிய தாள் கீழே விழவில்லை. இருக்கையின் ஓரத்தில், கதவை ஒட்டி, சல்லடை போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. தாள் நேரே போய் அதில் பச்சென்று ஒட்டிக்கொண்டது.

எடுத்தார். மீண்டும் விட்டார். மீண்டும் ஒட்டிக்கொண்டது. கை வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு விசிறி காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. வண்டியை யாரும் அணைக்கவில்லை என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சத்தமில்லாத வண்டியின் சங்கடம் அது.

மெல்ல மெல்லப் புரிந்தது. அந்த இருக்கைக்குக் கீழேதான் பேட்டரி இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் காற்றை இந்தச் சல்லடை வழியாக இழுத்துத்தான் அது சூடு தணிகிறது. மனைவி வேலையை விட்ட மாதமும் அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்த மாதமும் ஒன்று. ஒரு மாதமாக அதன் மூக்கை அவர் தம் சிக்கனப் பிரசாரத்தால் அடைத்திருக்கிறார். மகள் கேட்ட உறுமல் இந்த விசிறியின் திணறல்தான். மிச்சம் மீதி நுழைந்த காற்றையும், ஏசி போடாத தியாகத்தால் கொதிக்கவைத்திருக்கிறார். சூடேறிய பேட்டரி வேலை செய்ய மறுக்க, பாரமெல்லாம் எஞ்சின் தலையில் விழுந்து, பெட்ரோல் கரைந்திருக்கிறது. சல்லடையில் ஒட்டிக்கொண்டிருந்த தாளிலிருந்து, விரலை உயர்த்தியபடி அவரே அவரைப் பார்த்தார்.

அந்தக் கணத்தில் செயலாளர் உத்தமராகிவிடவில்லை. முதலில் அவருக்குத் தோன்றியது, கட்டுகளை டிக்கியில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்பதுதான். மைலேஜ் தானாக ஏறும். நம் அறிவுரைக்குப் பிறகு அவளும் திருந்தி ஓட்டுகிறாள் என்றுகூடச் சொல்லிவிடலாம். தாளைப் பிய்த்தெடுக்கக் கையை நீட்டினார்.

காரே அலறியது. சட்டைப் பையிலிருந்த அவர் கைப்பேசி காரோடு இணைந்திருந்ததால், அழைப்போசை நான்கு கதவுகளின் ஒலிபெருக்கிகளிலும் முழங்கியது. பதறிப்போய் அணைக்கும் பொத்தானைத் தேடி, எடுக்கும் பொத்தானை அழுத்தினார்.

"செயலாளர் சாரா? மையத்துலேருந்து பேசறேன்," என்றது முதலாளியம்மாளின் குரல், தெருவுக்கே கேட்கும்படி. "நாளைக்கு அவங்களை எட்டு மணிக்கே வரச் சொல்லுங்க. நீங்க அனுப்பிவைக்கிறேன்னு சொன்னதை நம்பி நோயாளிங்களுக்கு நேரம் எல்லாம் போட்டுட்டேன்."

மடக்குக் கட்டிலின் ஒரு முனையை மனைவியும் மறுமுனையை மகளும் பிடித்தபடி, படியில் அப்படியே நின்றார்கள்.

எத்தனையோ மேடைகளில், எத்தனையோ கூச்சல்களுக்கு நடுவில், சொல் தடுமாறாத மனிதர் அவர். அன்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"மேடம், அப்படிச் சொன்னது நான்தான். சொல்ல எனக்கு உரிமை இல்ல. அவங்களே இங்க இருக்காங்க, அவங்ககிட்டயே கேளுங்க."

மனைவி கட்டிலை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். திறந்த கதவு வழியே குனிந்து, "வரமாட்டேன் மேடம். நாளைக்கு எனக்கு வேற வீடுங்க இருக்கு. யார் சொன்னாலும் என்னைக் கேக்காம நேரம் போடாதீங்க," என்று சொல்லி, தொடர்பைத் துண்டித்தாள்.

"எப்ப சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"நான் போட்டிக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடியே." அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். "அப்ப நான் எதுக்கு இந்த வெயில்ல சுத்தினேன்?"

அவர் சல்லடையைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். டிக்கியில் ஒளிக்க நினைத்ததையும் சொன்னார். மகள் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"இந்தக் கட்டைத் தூக்கி வேற இடத்துல வெச்சா மைலேஜ் சரியாயிடும். 'அனுப்பிவைக்கிறேன்'னு சொன்னீங்களே, அதைத் தூக்கி எங்க வைக்கறது?"

"நான் ஒரு வடிகட்டின முட்டாள். பேட்டரியைவிட எனக்குத்தான் முதல்ல..."

"வேண்டாம்." கையை உயர்த்தித் தடுத்தாள். "உங்களை நீங்களே கேலி பண்ணிக்குவீங்க, நான் சிரிச்சிடுவேன், அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு போய்த் தூங்கிடுவீங்க. இன்னிக்குச் சிரிக்கமாட்டேன்."

அவர் பையில் இருந்த இரண்டாவது சாவியையும் எடுத்து நீட்டினார்.

"இது எதுக்கு? அது உங்களோடது. பாதிக்குப் பாதின்னா எனக்கு ஒண்ணு போதும்." கட்டிலையும் கருவியையும் அவளும் மகளும் ஏற்றினார்கள். அவர் கட்டுகளை மார்போடு அணைத்து, வழிவிட்டு நின்றார். அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"சாயங்காலம் கூட்டம் இருக்குல்ல? வண்டி வேணும்னா என்ன பண்ணணும்?"

"உன்னைக் கேக்கணும்."

"கேளுங்க."

தெருவில் எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் வண்டி கிடைக்குமா?"

"கேக்கலை."

"சாயங்காலம் வண்டி கிடைக்குமாம்மா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அதுதான் அவரைக் கலங்கடித்தது.

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினாள்.