வெறும் ஐஸில் வந்த மூன்றாவது புரதம்

துளி புரதம்கூட இல்லாத வெறும் ஐஸைப் படம்பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தேன். காலையில் வந்து பார்த்தால் திரையில் மூன்றாவது புரதம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. வந்த கோபத்தில் காபிக் கோப்பையை நான் வைத்த சத்தத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். செல்லுக்குள் சில புரதங்கள் ஒன்று சேர்ந்தால் ‘வளர்’ என்று செய்தி போகும். வேலை முடிந்ததும் அவை பிரிந்துவிட வேண்டும். என் அண்ணனின் நுரையீரல் கட்டியில் அவை பிரிவதே இல்லை. அப்படி ஒட்டிக்கிடக்கும் புரதங்களை நொடியில் ஐஸில் உறைய வைத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் லட்சக்கணக்கில் படமெடுத்து, எது எங்கே ஒட்டுகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் லேபின் வேலை. படங்களில் தெரிவதெல்லாம் மங்கல் புள்ளிகள். கம்ப்யூட்டர் அவற்றைப் பொறுக்கி ஒன்றாக்கித் தரும். எதைப் பொறுக்குவது என்பதற்கு ஒரு மாதிரி உருவத்தை நாம் கொடுக்கலாம். அங்கேதான் வினை. யானையைத் தேடு என்று சொல்லிவிட்டால் சுவரின் ஈரக்கறையிலும் யானை தெரியும்.

இதில் மூன்று புரதங்கள் சேர்கின்றன என்று நம்பிய எங்கள் லேப் தலைவர், அந்த மூன்றும் சேர்ந்த மாதிரியைத் தானே வரைந்து கொடுத்திருந்தார். யார் வந்தாலும் பெரிய திரையில் படம் காட்டுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கண்காட்சி’. அந்தப் படத்தை நம்பி, இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டும் இடுக்கில் ஆப்பு மாதிரி நுழைய ஒரு மருந்து செய்துவிட்டார்கள். எலிகளிடம் அது அரைகுறையாகத்தான் வேலை செய்தது. ஆனாலும் படம் அழகாக இருந்ததால் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்க மருத்துவமனை ஒத்துக்கொண்டது. சேர்ந்தவர்களில் அண்ணனும் ஒருவர். சோதனையின் விதிப்படி, இதுவரை கட்டியை அடக்கி வைத்திருந்த பழைய மாத்திரையைப் போன வாரமே நிறுத்திவிட்டார்.

நேரே கண்காட்சியின் அறைக்குப் போனேன்.

“இது வெறும் ஐஸ் சார். உங்க மாதிரியைக் கொடுத்தா இதுலயும் மூணாவது வருது. மாதிரியே கொடுக்காம நம்ம படத்தை ஓட்டினா ரெண்டுதான் வருது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐஸ்லகூட வருதுன்னா நம்ம மாதிரி எவ்வளவு பலமா இருக்குன்னு பாருங்க.”

வெறும் ஐஸ் படத்தையும் மாதிரி இல்லாமல் வந்த படத்தையும் அவர் மேஜையில் அருகருகே வைத்தேன்.

“அடுத்த மாசம் நிதானமா சரி பண்ணிக்கலாம்மா. இப்பக் கலைச்சு விடாதீங்க. உங்க அண்ணனுக்குச் சோதனையில இடம் வாங்கிக் கொடுத்ததே நான்தானே?”

இடமாம், இடம்! கதவே இல்லாத வீட்டுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு நன்றி வேறு எதிர்பார்க்கிறார் மனுஷன்.

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். பஸ் ஓட்டுபவர், யூனிஃபார்ம் சட்டை இப்போது இளைத்த தோளில் தொங்குகிறது. எல்லாவற்றையும் சொல்லி, சோதனையை நடத்தும் டாக்டருக்கு இரண்டு படங்களையும் அனுப்பப் போகிறேன் என்றேன்.

“அனுப்பாதே,” என்றார்.

“அண்ணா, அந்த மருந்து ஒட்டறதுக்கே உள்ள இடமில்ல.”

“பழைய மாத்திரை கட்டியைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். இது கரைக்கும்னாங்க. உன் கணக்கு தப்பா இருக்கலாம்ல?”

“தப்பா இருக்கணும்னுதான் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.”

“எனக்கு அந்தச் சோதனையில இடம் வேணும்மா.” அதட்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கெஞ்சினார். என் அண்ணனைக் கெஞ்ச வைத்த அந்தக் கண்காட்சியை நினைத்தபடி போனை எடுத்தேன். அண்ணன் எதிரிலேயே டாக்டருக்கு அனுப்பினேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாலைக்குள் டாக்டர் சோதனையை நிறுத்தி, எல்லோரையும் பழைய மருந்துக்குத் திரும்பச் சொல்லிவிட்டார். நாளை முதல் லேபுக்கு வர வேண்டாம் என்று கண்காட்சியிடமிருந்து மெயில். போகட்டும், பெரிய லேப்! நான் அண்ணியின் போனுக்காகக் காத்திருந்தேன்.

“மாத்திரையைப் போட்டுட்டார். பக்கத்துல நின்னு பார்த்தேன்,” என்றார் அண்ணி. “ஆனா நீ இந்தப் பக்கம் கொஞ்ச நாள் வர வேணாம். உன்னைப் பார்த்தா கண்டபடி திட்டிடுவேன்கிறார்.”

“திட்டட்டும் அண்ணி,” என்றேன். “திட்டறதுக்கு அவர் இருக்கணும்.”