சுவர் தாங்கிய படிகள்

ஜன்னலின் அகலத்தைக் கயிற்றால் அளந்துகொண்டிருந்தான் அண்ணாதுரை. கூடத்தின் நடுவே, சவப்பெட்டியில், அவன் அண்ணன் சிங்காரம் நெற்றி நிறைய விபூதியோடு கிடந்தார்.

"பெட்டி இதுவழியா போயிடும், அண்ணி. கயித்துல கட்டி மெதுவா ரோட்டுக்கு எறக்கிடலாம்."

சிவகாமசுந்தரி கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அழுது அழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

"ஜன்னல் வழியாவா?"

"வேற எப்படி? காலிப் பெட்டிய ரெண்டு பேரு தூக்கிட்டுப் படியேறினாங்க, சரி. இப்ப அண்ணனும் உள்ள இருக்காரு. தூக்குற ஆளுங்க வெயிட்டு வேற. அந்தப் படிக்குக் கீழ ஒரு தூண்கூட இல்லியே."

அவன் சொன்னது உண்மைதான். ஃபேரர் பார்க்கை ஒட்டிய அந்தச் சந்தில், கீழே சிங்காரத்தின் இரும்புப் பட்டறை, மேலே வீடு. பழைய மரப்படி தீயில் கருகிய பிறகு, கட்டட உரிமையாளர் பக்கச் சுவரைக் கான்கிரீட்டில் எழுப்பிக் கொடுத்தார்; படி போடுவது சிங்காரத்தின் பொறுப்பு. குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருந்த நேரம். பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லுமாக வேலை குவிந்தது. நீளக் கம்பிகளைப் போடவே தரையில் இடமில்லை. "படிக்குக் கால் வச்சா கம்பிய எங்க போடுறது? சுவரே தாங்கட்டும்" என்றார் சிங்காரம்.

சுவரில் ஆழமாகத் துளை போட்டு, படிக்கு இரண்டாகத் தடித்த இரும்புத் தண்டுகளைச் செருகினார். சுந்தரிதான் சிமெண்டு குழைத்துக் கொடுத்தாள். ரசமட்டத்தைத் தண்டின் மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை "இன்னும் கொஞ்சம் மேல" என்று சொன்னவளும் அவள்தான். சிமெண்டு இறுகும்வரை வாரக்கணக்கில் ஏணியில் ஏறி இறங்கினார்கள். அதன் பிறகே ஒவ்வொரு இணைத் தண்டின் மேலும் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் பிடித்தார். எல்லாப் படிகளின் வெளி நுனியிலும் இரும்புத்துண்டு மூட்டைகளை ஏற்றி, இரண்டு நாள் விட்டுப் பார்த்தார். ஒரு படிகூடத் தாழவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நீ மொதல்ல ஏறு. நீதான சிமெண்டு கொழச்ச."

அவள் ஏறினாள். கீழே நின்று பார்த்தவரின் முகத்தை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் சுவரை ஒட்டியே ஏறுவார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

"அவரு செஞ்ச படி, தம்பி" என்றாள் இப்போது. "அதுலதான் எறங்குவாரு."

அண்ணாதுரை கயிற்றைக் கீழே போட்டான். கண் கலங்கியிருந்தது.

"விழுந்துட்டா? சிங்காரம் போட்ட படி சிங்காரத்தையே தாங்கலன்னு சிராங்கூன் ரோடு முழுக்கப் பேசுவாங்க. அவரு பேரு போயிடும் அண்ணி. அதுக்குத்தான் சொல்றேன்."

"ஜன்னல்ல எறக்கினா மட்டும்? அவரு படிய அவரு பொண்டாட்டியே நம்பலன்னு பேச மாட்டாங்களா?"

பட்டறையில் சிங்காரத்தோடு வேலை பார்த்த நாகூர் கனி வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

"அக்கா சொல்றது சரிதான். வெளிப்பக்கம் நான் பிடிச்சுக்கறேன்லா. தகடெல்லாம் நான் வெட்டுனது."

வெளிப்பக்கம் பிடிப்பவர் நுனியில்தான் கால் வைத்தாக வேண்டும். அண்ணாதுரை வேட்டியை மடித்துக் கட்டினான்.

வாய்க்கரிசி போட்டு முடிந்தது. பெட்டியை மூடினார்கள். சங்கு ஊதியதும் சுந்தரி எழுந்து எல்லாருக்கும் முன்னால் படியிறங்கினாள்.

"அக்கா, நீங்க எங்க போறீங்க?" அண்ணாதுரையின் மனைவி மங்களம் பின்னாலேயே ஓடிவந்தாள்.

சுந்தரி நேரே படிகளுக்கு அடியில் போய் நின்றாள்.

மேலிருந்து அண்ணாதுரை பார்த்துவிட்டான். "அண்ணி! அங்க நிக்காதீங்க. தள்ளிப் போங்க!"

"நீங்க எறங்குங்க, தம்பி."

இறங்கினார்கள். ஒவ்வொரு தகட்டிலும் அத்தனை பேருடைய பாதங்களும் விழுந்த சத்தம் அவள் தலைக்கு மேலே கேட்டது. பாதி வழியில் முன்னால் பிடித்திருந்தவருக்குக் கை நழுவியது. "நில்லுங்க, நில்லுங்க" என்று யாரோ கத்தினார்கள். பெட்டியும் ஆட்களும் அப்படியே அந்தரத்தில் நின்றார்கள். நாகூர் கனியின் குதிகால் நுனிக்கு வெளியே தெரிந்தது. சுந்தரி சுவரையே பார்த்தாள். தண்டுகள் சுவருக்குள் நுழையும் இடத்தில், தன் விரல் தடவி மெழுகிய சிமெண்டிலிருந்து ஒரு தூசிகூட உதிரவில்லை. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

பிடியை மாற்றிக்கொண்டு மீதிப் படிகளையும் இறங்கினார்கள். லாரியில் பெட்டியை ஏற்றிவிட்டு அண்ணாதுரை திரும்பி வந்தான். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அசையவே இல்ல, அண்ணி."

"அசையாது."

அவன் சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டுவிட்டு லாரியை நோக்கி ஓடினான்.

லாரி சந்து திரும்பும்வரை நின்றிருந்த பெண்கள் வீடு கழுவ மேலே போனார்கள். வாளி வாளியாக ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கிப் பட்டறைத் தரையெல்லாம் ஈரமாயிற்று. நிற்க இடமில்லாமல் சொந்தக்காரப் பிள்ளைகள் கீழ்ப்படிகளில் ஏறி, படிக்கு ஒருவராக உட்கார்ந்துகொண்டார்கள். மங்களத்தின் மகள் கண்மணி எல்லாருக்கும் மேலே இருந்தாள்.

"கண்மணி, எறங்குடி. அது..." என்று ஆரம்பித்த மங்களம், குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்த சுந்தரியைப் பார்த்தாள். பேச்சை அங்கேயே விட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்துத் தண்ணீரை வாசல் பக்கம் தள்ளினாள்.

பிள்ளைகள் கால்களை வெளியே தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.