தலை வீட்டுல இருக்கு

"சாவியக் குடு ஷெரில். கடைசியா கேக்கறேன்."

கேரத் நீட்டிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை, அக்காள் கவனித்தாள். சாவியை ஜாக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"மொதல்ல உன் கையப் பாரு. கப்பல்லேந்து எறங்குனதுலேந்து நீ தூங்கல. காலங்காத்தால விஸ்கி வாடை வேற. வருஷக்கணக்கா பைக் பக்கமே போகாதவன், இன்னைக்கு அப்பாவுக்கு முன்னால ஓட்டிட்டுப் போகப்போறியா?"

"நான் மகன்."

"அதுக்கு?"

அவன் கதவை அறைந்துவிட்டு வெளியே போனான். பதில் தேவையில்லை, வீட்டிலிருந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். வட அயர்லாந்தில் எங்கள் ஆன்ட்ரிம் மலைப்பக்கத்தில் ஆண்கள்தான் சவப்பெட்டியோடு கல்லறைக்குப் போவார்கள். பெண்கள் வீட்டிலிருந்து, திரும்பி வருகிறவர்களுக்குத் தேநீர் போடுவார்கள். பட்டணத்தில் இதெல்லாம் எப்போதோ மாறிவிட்டது. எங்கள் சாலையில் மாறவில்லை. போகக்கூடாதென்று யாரும் தடுப்பதில்லை, யாரும் போவதும் இல்லை, அவ்வளவுதான். ஷெரிலின் அம்மா நோர்மா, தன்னைப் பெற்ற அப்பனின் குழியைக்கூடப் பார்த்தவள் இல்லை.

அப்பா செத்த அன்றிலிருந்து சண்டை போட்டுத்தான் ஷெரில் இதை வாங்கியிருந்தாள். அப்பாவின் நீல நிற பைக்கை அவள் ஓட்டிக்கொண்டு முன்னால் போவாள், அவளை ஒட்டி அப்பாவின் பைக் கிளப்பின் முதல் வரிசை, அடுத்து சவ வண்டி, அதற்கும் பின்னால் மற்ற கிளப்காரர்கள். போதகரும் சரியென்று சொல்லிவிட்டார். பைக்கில் ஏறினால் கல்லறை வரைக்கும் அப்பாவோடு போகலாம். ஏறாவிட்டால் தேநீர்க் கெண்டிதான். நடுவில் இன்னொரு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றவேயில்லை.

கையுறையை எடுக்கப் பின்னறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பால் ஜாடி இருந்தது. அதையே ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சமையலறை மேஜையில் முட்டை சாண்ட்விச்சுகளை முக்கோணமாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணை ராபர்ட்டா, "அத இப்பிடிக் குடு" என்று ஜாடியை வாங்கிக்கொண்டாள். "நீ இங்க நின்னாலாச்சும் நாலு பேருக்கு ஒத்தாசையா இருக்கும். ஒரு ஊரே வரப்போவுது. இந்த நேரத்துல பைக்காம்."

"எங்கப்பா பைக்குதானே, ராபர்ட்டா. ஒங்க வீட்டுதா?"

"யம்மாடி! சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னாளாம்! அந்த ஒரு சொல் போதும், ஷெரிலுக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. கோபம் வந்ததும் உடம்பு திடமானது போல இருந்தது, நடுக்கமே இல்லை. அதை அவள் தைரியம் என்று எடுத்துக்கொண்டாள்.

முன்னறையில் திரைச்சீலைகள் மூடியிருந்தன. பெட்டியில் அப்பா மெர்வின் ஞாயிற்றுக்கிழமை கோட்டோடு படுத்திருந்தார். சுற்றிலும் தட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு கிளப்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டு, "மனுஷன் பைக்லயே போயிருக்கணும். அவருக்கு அதான் புடிச்சிருக்கும்" என்றார்.

"ஆமா," என்றாள் நோர்மா. "எதுத்தாப்ல வந்த புள்ளத்தாச்சி யாரையாச்சும் இடிச்சுட்டுப் போயிருக்கணும். ரொம்ப நல்லா இருந்திருக்கும்."

சொன்னவர் குனிந்து தன் தட்டிலிருந்த சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தார்.

செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தைக்கு மெர்வின் பைக்கில்தான் போனார். திரும்பும்போது கிளப் கூட்டாளி ஐவனின் வேன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "என் தலை வீட்டுல இருக்கு" என்றார். ஐவன் மறுபேச்சுப் பேசாமல் பைக்கைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். அது அவர்கள் கிளப்பின் பேச்சு. வருஷங்களுக்கு முன்னால் ஒரு கூட்டாளியைப் புதைத்துவிட்டு வந்த அன்று மெர்வினே கொண்டுவந்த வழக்கம். மனசு சரியில்லை, சண்டை, தூக்கமில்லை, பயம், எதுவாக இருந்தாலும் சரி, இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், அன்று அவன் பைக் ஓட்ட வேண்டியதில்லை. ஏன் என்று கேட்கக்கூடாது. அட வாப்பா என்று இழுக்கக்கூடாது. கேலியும் கூடாது. ஆனால் அவரவர் தானாகச் சொல்ல வேண்டும், அடுத்தவன் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அன்று வீட்டுக்கு வந்த மெர்வின் சூப் கேட்டார். நோர்மா சூடாக்கிக் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார்.

வாசலில் ஷெரில் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது ஐவன் பக்கத்தில் வந்து நின்றார். ஆஜானுபாகுவான மனிதர், தாடி முழுக்க வெள்ளை. அவள் கை வாரை வளையத்துக்குள் விட்டது, தவறியது, மறுபடி விட்டது.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன் மாமா."

அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தாடியைத் தடவிக்கொண்டு தன் பைக்குக்குப் போனார்.

ஜெபம் முடிந்து மூடி வைத்தார்கள். பெட்டியைத் தூக்கிச் சவ வண்டியில் ஏற்றினார்கள். அடக்க காரியம் பார்க்கிற வைலி, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தார். முற்றம் நிறைய பைக்குகள். மழை விட்டிருந்தது, ஆனால் டிராக்டர் சக்கரம் கொட்டிய சேறு பாதையெங்கும் வழவழவென்று கிடந்தது. ஷெரில் எஞ்சினைக் கிளப்பினாள். ஒரே முயற்சியில் பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக எல்லா எஞ்சின்களும் உறும ஆரம்பித்தன.

வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு ஒரு சின்னப் பாதை இறங்குகிறது, இரண்டு பக்கமும் முள்வேலி. அதில் அவள் மெதுவாகத்தான் போனாள். ஆனால் பாதையில் அவள் இல்லை. ராபர்ட்டாவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒத்தாசையா? ஒத்தாசையைப் பத்தி நீ பேசுறியா? அப்பாவுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டப்ப ராத்திரியும் பகலும் மாட்டுக்கொட்டகையில நின்னது யாரு? பிறகு கேரத்தோடு. மகனாம், மகன்! நல்ல நல்ல பதிலாக வந்து விழுந்தது. சாலை முனை வந்தது. இன்னும் ஒரு பதில் பாக்கியிருந்தது. கைப்பிடியைத் திருகினாள்.

எஞ்சின் இருமியது. ஒரு தரம் குலுங்கி நின்றுவிட்டது.

அதே நொடியில் அவள் முகத்துக்கு முன்னால் ஒரு பால் லாரி போயிற்று. அது வந்த காற்றில் பைக்கே ஆடியது. சேற்று நீர் ஹெல்மெட் கண்ணாடியில் தெறித்தது. ஹாரன் சத்தம் பிறகுதான் அவள் காதுக்கு எட்டியது.

காலை ஊன்றி நின்றாள். என்ன ஆயிற்று? குனிந்து பார்த்தாள். தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் டேப் மூடியே இருந்தது. அந்தப் பழைய பைக்கில் டேப்பைத் திறக்காமல் கிளப்பினால், உள்ளே தேங்கிய சொட்டு தீரும் வரை ஓடிவிட்டு நின்றுவிடும். மெர்வின் வீட்டில் நடக்கப் பழகுமுன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம் அது.

"டேப்பு! டேப்பத் தொறக்கல!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "ஒண்ணுமில்ல, தொறந்துட்டுப் போ!"

ஒன்றுமே இல்லைதான். விரலால் ஒரு திருகு, அவ்வளவே. விரலை டேப்பின் மேல் வைத்தாள். திறந்தால் மறுபடி கிளம்பும். சர்ச்சு ஒரு மைல்கூட இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாது, டேப்பு மறந்துபோன கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் கைப்பிடியைத் திருகியபோது லாரி வந்த பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அது தெரியும். டேப் திறந்திருந்தால் இந்நேரம் வைலிக்கு இன்னொரு பெட்டி வேலை. அதைவிட மோசம், இத்தனையும் நடந்த பிறகும் அவள் மனசு இன்னும் ராபர்ட்டாவுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தது.

அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதாள். பிறகு சைடு ஸ்டாண்டைப் போட்டு, சாவியைத் திருகி எடுத்து, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு திரும்பினாள்.

"என் தலை வீட்டுல இருக்கு" என்றாள்.

குரல் சரியாக எழவில்லை. முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஐவன் தன் எஞ்சினை அணைத்தார். பக்கத்து ஆள் அணைத்தார். வரிசையாகப் பின்னால் வரை அணைந்துகொண்டே போய், முற்றத்தில் கடைசி பைக்கும் அடங்கியது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சவ வண்டிக்குப் பின்னால் காரிலிருந்த கேரத்தான் ஓடிவந்தான். அவன் கிளப்காரன் இல்லை.

"என்ன பண்ற நீ? எல்லாரும் பாக்கறாங்க. குடு சாவிய."

"மாட்டேன்."

"நீயும் ஓட்ட மாட்டே, என்னையும் விடமாட்டே!"

"ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி போதும்டா. இந்த பைக் இன்னைக்கு எங்கயும் போகாது. நீ அடிச்சாலும் தரமாட்டேன்."

அவன் முகம் கோணியது. "அப்ப உள்ள போ. போயி சாண்ட்விச் வெட்டு."

அவன் சொல்லி முடிக்கவும் எல்லோருக்கும் காது கூசியது. அவன் சொன்னதுதான் நடக்கப்போகிறது என்று ஷெரில் நினைத்தாள், வீட்டுப் பக்கம் ஓரடி எடுத்தும் வைத்தாள்.

பாதையில் நோர்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள். மேலே கறுப்புக் கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு. சேற்றில் ஒரு கால் வழுக்க, பைக்கில் இருந்த ஒருவர் கையைக் கொடுத்துத் தாங்கினார்.

"அம்மா, நீ எங்க வர்றே?"

"எம் புருஷன எங்க வைக்கிறாங்கன்னு பாக்க வேணாமா?" நோர்மா சவ வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள். "வைலி, எறக்கு அவர. நடந்தே போவோம். அந்தக் காலத்துல தூக்கிட்டுத்தானே போனீங்க?"

வைலி போதகரைப் பார்த்தார். போதகர் பைக்கைப் பார்த்தார், சாலையில் லாரிச் சக்கரம் விட்டுப்போன ஈரத் தடத்தைப் பார்த்தார். "எறக்குங்க" என்றார்.

தோள் மாற்றி மாற்றித் தூக்குவது எங்கள் வழக்கம். பெட்டிக்கு இரு புறமும் ஜோடியாக வருகிறவர்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி சாயும். வைலி கண்ணாலேயே அளந்து ஆட்களைப் பிரித்தார். ஐவனும் இன்னொருவரும் பின்னால். நடுவில் இரண்டு பேர். முன்னால் கேரத்தை நிறுத்தினார். அவனுக்கு ஜோடியாக நிறுத்த அவன் உயரத்துக்கு ஆள் தேடினார், கிடைக்கவில்லை. கூட்டத்தைச் சுற்றிவந்த பார்வை ஷெரில் மேல் வந்து நின்றது. அவர் கொஞ்சம் தயங்கினார்.

"அவதான் சரியா இருப்பா" என்றார் ஐவன்.

ஷெரில் தோளைக் கொடுத்தாள். நினைத்ததைவிடக் கனம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் பெட்டி நிற்கும். கேரத் முதலில் பிடிக்கவில்லை. பெட்டி லேசாக அசைந்ததும் அவன் கை வந்து அவள் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பற்றியது.

"எடது காலு மொதல்ல" என்றாள் அவள், மெதுவாக.

"தெரியும்" என்றான்.

நடந்தார்கள். பின்னால் நோர்மா, அவளுக்குப் பின்னால் தோல் சட்டையும் கனத்த பூட்ஸுமாக அத்தனை பேர். அப்படி நடந்து பழக்கமில்லாதவர்கள், சாலையெல்லாம் பூட்ஸ் சத்தம். எதிரே வந்த கார்கள் ஓரங்கட்டி நின்றன.

பாலத்தருகே வைலி கையை உயர்த்தினார். அடுத்த ஜோடிகள் வந்து பக்கத்தில் நின்றன. நடுவிலும் பின்னாலும் தோள் மாறியது.

"மாத்திக்கிறீங்களா?" என்று முன்னால் வந்து கேட்டார்.

அக்காளும் தம்பியும் பிடியை விடாமல் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். வைலி விலகிக்கொண்டார். மாற்ற வந்த இரண்டு பேரும் வெறுங்கையோடு, ஆளுக்கொரு பக்கமாக, கூடவே நடந்து வந்தார்கள்.