கடவுக்கல்லும் மூணு சைக்கிளும்

மாப்பிள்ளை ஊடு பாக்கறதுக்குப் பொண்ணோட அப்பன் வருவாங்க, மாமன் வருவாங்க. கெணத்தை எட்டிப் பாப்பாங்க, கட்டுத்தறியில மாடு எத்தனைன்னு கண்ணாலயே எண்ணுவாங்க, காப்பி குடிச்சிட்டுப் போவாங்க. பொண்ணே நேர்ல வந்து நின்ன கதைய எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? எங்கூட்டுக்கு வந்தா. அதுவும் எம்மவனைப் பாக்க வரலை. எங்க தடத்தைப் பாக்க வந்தா.

அது எம்பத்தி மூணாம் வருசம். எங்க தோட்டம் சங்ககிரிக்குக் கெழக்கால இருக்குது. வாசல்ல நின்னா மலைக்கோட்டை நல்லாத் தெரியும், தார் ரோடு தெரியாது. எம்மவன் சென்னிமலைக்கு முப்பது தாண்டிப் போச்சு. குடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது, நெல்லு கடலைன்னு சொந்தமா நின்னு வெள்ளாமை பண்றவன். வந்த எடமெல்லாம் ஒரே பேச்சுதான் பேசுச்சு: தோட்டத்துக்குள்ளார ஊடு, பஸ்ஸு இல்லை, எங்க புள்ள எப்படி வந்து போவும்? போர் போடற ரிக் வண்டிக்குப் போயி வருசத்துல பத்து மாசம் ஊர்ல இல்லாதவனுக்கெல்லாம் பொண்ணு கெடைச்சுது. இவன் பாவம், ஒரம்பரை சனத்துக் கல்யாணத்துக்குப் போறதையே நிறுத்திப்புட்டான். பந்தியில உக்காந்தா "உனக்கு எப்பப்பா?"ன்னு எவனாச்சும் கேப்பான்னு பயம்.

அப்பத்தான் பாவாயி சாதகம் வந்துச்சு. பாறைக்காட்டுப் பள்ளிக்கூடத்துல டீச்சர். அந்தப் பள்ளிக்கூடம் எங்க தோட்டத்துக்கு அக்கட்டால, தார் ரோட்டைத் தாண்டுனா வந்துரும். பொருத்தம் எல்லாம் நல்லா இருந்துச்சு. அவங்கப்பன் கந்தப்பன் சொல்லியனுப்புனாரு: "எம்புள்ள வேலையை உடமாட்டா. உங்க தோட்டத்துல இருந்து பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்ல நேரத்துக்குப் போக முடிஞ்சா கல்யாணம், இல்லைன்னா வேண்டாம். அதையும் அவளே ஓட்டிப் பாத்துத்தான் சொல்லுவாளாமுங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். மாடு வாங்கறவன்கூட பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு உட்டுருவான், இவ தடத்தைப் புடிச்சுப் பாக்கணுங்கறா. "இந்த எடம் நமக்கு வேண்டாம் சாமி"ன்னு மவங்கிட்டச் சொன்னேன். அவன் வெறகு பொளந்துக்கிட்டிருந்தான். "வரட்டும்மா. அந்தப் புள்ள கேக்கறதுல என்ன தப்பு?"ன்னான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்.

எந்தச் சைக்கிள் இந்தத் தடத்துக்கு ஆகும்னு பாக்கணுமில்ல? சங்ககிரியில வாடகைச் சைக்கிள் கடை வெச்சிருக்கற வேலுசாமிகிட்ட மவன் போயிச் சொல்லியிருந்தான். அந்த ஆளு ரெண்டு சைக்கிளை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு, கல்யாணத்துக்கு வாராப்பல வந்து எறங்குனாரு. ஒண்ணு செவப்பு லேடீஸ் சைக்கிள், முன்னால கூடை, செயினுக்கு மூடி, கைப்புடியில காயிதம்கூடப் பிரிக்கலை. இன்னொண்ணு கைப்புடி வளைஞ்ச ஸ்போர்ட்ஸ் சைக்கிள், டயரு என் சுண்டுவெரல் தண்டி. மூணாவது எம்மவனோட கறுப்பு டபுள் பார், கடலை மூட்டை ஏத்திப் போற சைக்கிள்.

"ஏனுங்க, இது பெரிய எடத்துப் புள்ளைகெல்லாம் ஓட்டற மாடலுங்க"ன்னு வேலுசாமி செவப்பைத் தடவுனாரு.

"பெரிய எடத்துல இந்தக் கல்லு இட்டேரி இல்லீங்களே"ன்னேன். அந்தாளு செவப்பை உட்டுட்டு ஸ்போர்ட்ஸ் சைக்கிள் பக்கம் போயிட்டாரு.

கந்தப்பனும் மவளும் காருல வந்தாங்க. எல்லாருமே மேக்கால இருக்கற வண்டித்தடத்துலதான் வந்து சேந்தாங்க. அந்தத் தடத்துல சுத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனா பொழுது உச்சிக்கு ஏறிரும். பாவாயி போகவேண்டியது கெழக்கால தடம். மொதல்ல இட்டேரி, ரெண்டு பக்கமும் கிளுவ முள்ளு வேலி, நடுவால தல தண்டி கல்லு. அப்புறம் ஓடை, பூராவும் மணலு. ஓடைக்கு அக்கட்டால எங்க வேலி முடியற எடத்துல ஒரு கடவு. கடவுன்னா, ஆளுக போறதுக்கு வேலியில உட்ட சந்து. ஆடு உள்ளார பூராம இருக்கறதுக்கு ரெண்டு கல்லு நட்டு, நடுவுல முட்டி ஒசரத்துக்கு ஒரு பலகைக்கல்லைக் குறுக்க நிறுத்தியிருக்கும். காலைத் தூக்கித் தாண்டித்தான் போகணும். அதுக்கு மேல நல்ல மண் தடம், நேரா தார் ரோடு.

"தடம் எப்படிங்க?"ன்னு கந்தப்பன் கேட்டாரு. எங்கூட்டுக்காரர் மீசையத் தடவிக்கிட்டு, "எம்மவன் தெனமும் சைக்கிள்ல போற தடந்தானுங்க"ன்னாங்க. அது பொய்யில்ல. அவன் கடவுகிட்ட எறங்கி, சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தாண்டிருவான். அதைச் சொல்லணும்னு அவங்களுக்கும் தோணலை, எனக்கும் தோணலை.

பாவாயி ஆளு ஒல்லி. வந்ததும் என்னைக் கும்புட்டா, மவனை நிமுந்து ஒரு பார்வ பாத்தா, உடனே சைக்கிள்கிட்டப் போயிட்டா. டயரை அமுக்குனா, பிரேக்கைப் புடிச்சா. நாங்கெல்லாம் முன்னாலயே நடந்து போயி, கடவுக்குப் பக்கத்துல இருக்கற வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டோம்.

மொதல்ல ஸ்போர்ட்ஸ் சைக்கிள்ல வந்தா. மொதக் கொஞ்ச தூரம் காத்தாட்டம் வந்துச்சு. கல்லுல ஏறுனதும் கைப்புடி இக்கட்ட ஒருக்கா அக்கட்ட ஒருக்கா ஆடுச்சு. ஓடை மணலுக்கு வந்து சேரறதுக்குள்ள கிளுவ முள்ளு ஏறி முன் சக்கரம் படுத்துருச்சு. தள்ளிக்கிட்டு வந்து, "பல்லெல்லாம் ஆடிப்போச்சுங்க, இது ஆகாது"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிச்சுது. ஆனா மூஞ்சியில காட்டிக்கலை.

அப்புறம் செவப்பு. சீலையோட சொகமா உக்காந்து வந்தா. கல்லுல சீட்டு ஸ்ப்ரிங்கு தாங்கிக்கிச்சு, செயின் மூடி மட்டும் தகரக் கடையாட்டம் சத்தம் போட்டுச்சு. ஓடை மணல்ல பாதி வந்து நின்னுபோச்சு. எறங்கித் தள்ளுனா.

மூணாவது டபுள் பார். சீலையக் களை வெட்டப் போறாப்பல தூக்கிச் செருவிக்கிட்டு, எகிறி ஏறுனா. கந்தப்பன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் கண்ணெடுக்காமப் பாத்தேன். கல்லு மேல ஏறி எறங்குச்சு, மணலைக் கிழிச்சுக்கிட்டு எருமையாட்டம் அக்கட்ட வந்துருச்சு. ஆனா எறங்கும்போது அந்தப் புள்ள முழங்கால் பார்ல இடிச்சுக்கிச்சு, மூச்சு வாங்குச்சு. "தடத்துக்கு இதுதானுங்க சரி. ஆனா எனக்கு இது சரியில்ல, தெனமும் இப்படி மிதிச்சா பள்ளிக்கூடத்துல நின்னு பாடம் எடுக்க முடியாது"ன்னா.

வேலுசாமி பொழப்பு தெரிஞ்ச ஆளு. "அம்மிணி, செவப்புக்கே கட்டி டயர் போட்டுத் தாரேன். பின்னால பல்லு சாஸ்தியா இருக்கற பிரீவீல் போட்டா மணல்ல மிதிக்க லேசா இருக்கும். அந்த மூடியக் கழட்டிருவோம்"னாரு. பாவாயி ரோசன பண்ணி, "அப்படின்னா இதுதானுங்க"ன்னு செவப்பு மேல கைய வெச்சா. எம்மவன் மூஞ்சியப் பாக்கணுமே. பத்து வருசம் கொறைஞ்சாப்பல ஆயிட்டான்.

அப்பத்தான் அவ திரும்பிக் கடவைப் பாத்தா.

"இதுல எப்படிங்க போறது?"

அவளே சைக்கிளைத் தூக்கிப் பாத்தா. முன் சக்கரம் ஏறுச்சு, பெடல் கல்லுல மாட்டிக்கிச்சு, சீலை கூடையில சிக்கிக்கிச்சு. மவன் ஓடிப் போயித் தூக்கி எறக்குனான். "நான் தெனமும் வந்து தூக்கி உடறேனுங்க"ன்னான். அவ்வளவு பேரு நிக்கறப்ப அதைச் சொல்றதுக்கு அவனுக்கு எவ்வளவு வெக்கமா இருந்திருக்கும்னு எனக்குத்தான் தெரியும்.

"காலையிலயும் பொழுதோடயுமா? நீங்க சந்தைக்குப் போற அன்னைக்கு?"ன்னு கேட்டா. கிண்டலா இல்ல, வருத்தமாத்தான் கேட்டா.

கந்தப்பன் துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. "சரிங்க, நாங்க கெளம்பறோம். ஊட்டுக்குப் போயிச் சொல்லியனுப்பறோம்"னாரு. சொல்லியனுப்பறோம்னா என்ன அர்த்தம்னு நாலு தடவ பாத்தாச்சு. மவன் டபுள் பாரை எடுத்துத் தள்ளிக்கிட்டு, யாரையும் பாக்காம ஓடைப் பக்கம் நடந்தான்.

பாவாயி போகலை. கடவுக்கல்லு மேல கைய வெச்சுக்கிட்டு என்னைப் பாத்தா.

"அத்தை, நீங்க இதை எப்படிங்க தாண்டறீங்க?"

"காலைத் தூக்கித்தான்." வெடுக்குன்னுதான் சொன்னேன்.

"தலையில கொடத்தோடயுமா?"

"கொடத்தோடயும் தாண்டுவேன், புல்லுக்கட்டோடயும் தாண்டுவேன். வயித்துல புள்ளையோடயும் தாண்டியிருக்கேன்."

கடைசி வார்த்தைய நான் சொல்லணும்னு சொல்லலை, அதுவா வந்துருச்சு. எங்கூட்டுக்காரர் டக்குன்னு வேற பக்கம் பாத்தாங்க.

சென்னிமலைக்கு நாலு வயசு அப்ப. எனக்கு ஆறு மாசம். தண்ணிக் கொடத்தோட இந்தக் கல்லுல கால் இடறி உளுந்தேன். பொட்டப்புள்ளன்னு மருத்துவச்சி சொன்னா. நான் பாக்கலை, காட்டலை. "பாத்துத் தாண்டக் கூடாதா?"ன்னு எங்கூட்டுக்காரர் கேட்டாங்க. நானும் அதையேதான் நெனச்சேன். என் காலைத் திட்டுனேன், என் நேரத்தைத் திட்டுனேன். எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சதும் மறுக்கா அதே கல்லைத் தாண்டித்தான் குடிதண்ணிக்குப் போனேன். அந்தப் புள்ள இருந்திருந்தா இந்தப் பாவாயி வயசுதான் இருக்கும்.

இத்தன வருசத்துல நீ எப்படித் தாண்டறேன்னு என்னைக் கேட்டது இவ ஒருத்திதான்.

"சென்னிமலை"ன்னு கூப்புட்டேன். ஓடையில இருந்து திரும்பிப் பாத்தான். "ஊட்ல போயிக் கடப்பாறைய எடுத்துட்டு வா சாமி."

எங்கூட்டுக்காரருக்குப் புரிஞ்சுபோச்சு. "ஏ, அது எங்கப்பன் நட்ட கல்லு"ன்னாங்க.

"நட்டது உங்கப்பாருங்க. தாண்டுனது நானுங்க."

"ஆடு பூந்துருமே."

"மூங்கப் படல் கட்டித் தொறந்து சாத்திக்கலாமுங்க. ஆடும் பூராது, சைக்கிளும் போகும். இது இன்னைக்கு வந்த ரோசன, முப்பது வருசத்துக்கு முன்னால வந்திருக்கலாம்."

வெளியாளுக முன்னால நான் அவங்ககிட்ட அப்படிப் பேசுனதே இல்ல. கந்தப்பன் வேப்பமரத்து எலைய எண்ணிக்கிட்டிருந்தாரு. வேலுசாமி சைக்கிளைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

மவன் கடப்பாறையோட ஓடியாந்தான். நான் வாங்கி ஒரு குத்து குத்துனேன். கல்லுல பொறி பறந்துச்சு, எனக்குத் தோள் பட்டையில வலி பாஞ்சுது, கல்லு அசையலை. மறுக்கா குத்துனேன். மவன் வாங்க வந்தான், குடுக்கலை. எனக்குக் கண்ணுல தண்ணி வடியுது, தொடைச்சுக்கவும் இல்ல.

அப்ப எங்கூட்டுக்காரர் வந்தாங்க. "தள்ளு. அங்க குத்துனா வராது. அக்கட்டால இருந்து நெம்போணும், அந்தப் பக்கம் மண்ணு எளக்கம். நடும்போது நாந்தான் கல்லைப் புடிச்சுக்கிட்டிருந்தேன், சின்னப் பையன் அப்ப"ன்னாங்க. கடப்பாறைய வாங்கிக்கிட்டாங்க. ஒரு பக்கம் அவங்க நெம்ப, ஒரு பக்கம் மவன் தள்ள, பலகைக்கல்லு ஆட்டம் குடுத்துச்சு. என்னைப் பாக்காமயே, "அன்னைக்கே பண்ணியிருக்கோணும் செல்லாயி"ன்னாங்க.

அது எனக்குப் போதும்னு சொன்னாப் பொய். ஆனா கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு.

கல்லு சாஞ்சுது. உருட்டி வேலியோரமாப் போட்டோம். குழியில மணலைக் கொட்டி எல்லாரும் காலால மிதிச்சோம், கந்தப்பனும் செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சாரு. பாவாயி செவப்புல ஏறிக் கடவு வழியா போனா. தடத்துல தூரம் போகப் போகத் தலை மட்டும் தெரிஞ்சுது, அப்புறம் அதுவும் தெரியலை. எம்மவன் அந்தத் திக்கையே பாத்துக்கிட்டு நின்னான், காப்பி குடிக்கக் கூப்புட்டதுக்குக்கூடத் திரும்பலை.

வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தா. "பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டே வந்துட்டேனுங்க. மணி அடிக்கறதுக்கு முன்னாலயே போயி, போர்டுல எழுதிப் போட நேரமிருக்கும்"னா. அவங்கப்பனைப் பாத்து, "நாள் பாருங்கப்பா"ன்னா. அதை மவனைப் பாத்துச் சொல்லலை, ஆனா அவன் காது செவந்துருச்சு.

அப்புறம் எங்கிட்ட வந்தா. "அத்தை, பின்னால உக்காருங்க. ஆள் வெச்சு ஓடுதான்னும் பாத்துரணும்."

"போ அம்மிணி. நான் உளுந்து வெச்சா ஊரே சிரிக்கும்."

"போயிட்டுத்தான் வாயேன்"னு எங்கூட்டுக்காரர் சொன்னாங்க. அவங்க சொன்னாப் போகணும்னு இல்ல, எனக்கே ஆசைதான். வேப்பமரத்தடியில கேரியர்ல ஒருச்சாஞ்சு உக்காந்து, அவ இடுப்பை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டு தடவ தள்ளாடுச்சு, அப்புறம் நேராப் போச்சு. கடவு பக்கத்துல வந்துச்சு, கல்லு இல்ல, வெறும் மணலு. அது எனக்கே தெரியும், நானே மிதிச்ச மணலு. இருந்தாலும் கிட்ட வந்ததும் என் காலு ரெண்டும் தானா மேல தூக்கிச்சு.

சைக்கிள் ஆடுனதுல பாவாயி திரும்பிப் பாத்தா. "ஏனுங்க அத்தை?"

"ஒண்ணுமில்ல சாமி"ன்னேன். "நீ மிதி."