இருபது பேர் பட்டியல்

நான் டிரில் மாஸ்டர். பையன்களை வெயிலில் நிறுத்தி, கையைத் தூக்கு, காலை மடக்கு என்று கத்துவதுதான் என் பிழைப்பு. 1932-ல் உயரமும் எடையும் பார்த்து எழுதும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். எடை மிகக் குறைந்த இருபது பேருக்குத் தினம் மத்தியானம் பருப்புச் சோறும் பாலும் போட ஒரு புண்ணியவான் முன்வந்திருந்தார். விஷயம் தெரிந்தால் எல்லோரும் பட்டினி கிடந்து வருவார்கள் என்று தலைமையாசிரியர் என் வாயைக் கட்டிவிட்டார். "நாளைக்கு எடை போடுவோம்" என்று மட்டும் வகுப்புகளில் சொன்னேன்.

நாலாம் பாரம் உமாபதி, பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டுப் பையன். வயது பதினைந்து, பார்த்தால் பத்து. போன வருஷம் நாலடி ஐந்து அங்குலம், இந்த வருஷமும் அதேதான். ஆனால் எடை அறுபத்திரண்டு ராத்தல் காட்டியது, போன வருஷத்தைவிடப் பத்து கூட. "வீட்ல என்னடா துன்ற, ராஸ்கல்?" என்று முதுகில் தட்டினேன். அவன் சிரிக்கவில்லை. இடுப்பு வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போனான். விலா எலும்புகள் அத்தனையும் வெளியே தெரிந்தன. கண் இருந்தது, எனக்குப் புத்தி இல்லை. இருபது பேரில் அவன் பெயர் வரவில்லை.

ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாவது வாரம் அவன் அம்மா தையல்நாயகி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"அவன ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்யா. ஒடம்புல ஒண்ணுமே இல்லைன்றாரு டாக்டரு. சோறு போடத்தான் எடை பாத்தீங்கன்னு இப்பதான் பசங்க சொல்லிச்சுங்க. அன்னிக்கு நான்தான்யா, தறியில பாரத்துக்குத் தொங்குற மணல் பை ரெண்ட அவன் இடுப்புல கட்டி அனுப்பிச்சேன்."

"அறிவிருக்குதாம்மா உனக்கு? எதுக்குக் கட்டின?"

"முதலாளி பட்டு நூல எடை போட்டுத்தான்யா குடுப்பாரு. சேலையையும் எடை போட்டுத்தான் வாங்குவாரு. கொறஞ்சா திருட்டுப் பட்டம் கட்டிடுவாங்க. எடைன்னாலே எங்களுக்கு பயம்யா. இவன் கொறஞ்சா பள்ளிக்கூடத்த வுட்டுத் தொரத்திடுவீங்கன்னு நெனச்சேன்."

திட்டு வாங்க வேண்டியவன் நான். தலைமையாசிரியரிடம் ஓடிப்போய்க் கத்தி, அன்றைய சோற்றில் ஒரு பங்கை வாங்கித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு அவளோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

டாக்டர் தூக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நேத்து வரைக்கும் கஞ்சித்தண்ணி எறங்கிச்சு. இப்ப அதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தையல்நாயகி அதைக் காதில் வாங்கவில்லை. சோற்றைக் கூழாகப் பிசைந்து மகன் வாயில் வைத்தாள். அவன் கண் பாதி திறந்திருந்தது. வைத்த சோறு கொஞ்ச நேரம் வாயிலேயே இருந்தது, பிறகு கடைவாய் வழியாக வழிந்தது. அவள் அவசர அவசரமாக அதை முந்தானையால் துடைத்து மறைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"துன்றான்யா. நல்லா துன்றான். அவன் பேர எழுதிக்கோங்கய்யா."